முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கிறோம்?

1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கையில் வேலையும் காசும் இல்லாத ஒரு பிரிட்டிஷ் செய்தியாளர் ஐந்தே வாரங்களில் ஒரு நாவலைத் தட்டச்சு செய்து முடித்தார். அவர் பெயர் ஃபிரெடரிக் ஃபோர்சைத். பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்வதற்கு ஓர் ஆங்கிலேயக் கூலிக் கொலைகாரன் அமர்த்தப்படுகிறான் என்பது கதை. அடுத்தடுத்துப் பதிப்பாளர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். டி கோல் அப்போது உயிரோடு இருந்தார். பதவியை விட்டு விலகி, தம் கிராமத்து வீட்டில் நினைவுக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தார். அவரை யாரும் சுட்டுக் கொல்லவில்லை என்பது ஊரறிந்த செய்தி. அப்படியிருக்க, நடக்காது என்று முன்பே தெரிந்த கொலையைப் பற்றி யார் நானூறு பக்கம் படிப்பார்கள்? அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். 1970 நவம்பரில் டி கோல் தம் வீட்டிலேயே இயற்கையாகக் காலமானார். அவர் எப்படி இறந்தார் என்பதையும் உலகம் அறிந்துகொண்டுவிட்ட பிறகு, 1971இல் 'தி டே ஆஃப் தி ஜேக்கல்' வெளியானது. உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது. 1973இல் ஃபிரெட் ஸின்னமான் அதைப் படமாக எடுத்தபோதும் அரங்குகளில் மக்கள் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்கள். அந்தப் பதிப்பாளர்கள் சந்தை அறியாதவர்கள் அல்லர். சஸ்பென்ஸ் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பற்றி அவர்கள் வைத்திருந்த கணக்குதான் பிசகியிருந்தது. அதே கணக்கை நம்மில் பெரும்பாலோர் இன்றும் வைத்திருக்கிறோம்.

அந்தக் கணக்கு இதுதான்: எழுத்தாளர் ஓர் உண்மையை மூட்டைகட்டி வைத்திருக்கிறார், கடைசிப் பக்கத்தில் அவிழ்க்கிறார், அதுவரை நாம் மூட்டையைப் பார்த்தபடி காத்திருக்கிறோம். பட விமர்சனம் எழுதுகிறவர்கள் முடிவைச் சொல்ல மாட்டோம் என்று சத்தியம் செய்வதும், முடிவை உளறியவனோடு நண்பர்கள் பேசாமல் இருப்பதும் இந்த நம்பிக்கையின் விளைவுகள். நான் இன்று இதற்கு நேர் எதிரான ஒன்றை வாதிடப்போகிறேன். வாசகரைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் அவருக்குத் தெரிந்த விஷயம். தெரியாதது அதற்குத் துணை. த்ரில்லரின் கதைப்பின்னலை மறைக்கும் கலை என்பதைவிடப் பங்கிடும் கலை என்று சொல்வதே பொருந்தும். எந்தத் தகவலை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு முதலில், யாருக்குக் காலம் கடந்து, யாருக்குக் கடைசிவரை கொடுக்காமலே விடுவது என்ற பங்கீட்டில்தான் கதாசிரியரின் திறமை இருக்கிறது. வாசகரும் பாத்திரங்களும் ஒரே அளவு அறிந்திருக்கும்போது கதை நடக்கிறது, அவ்வளவுதான். அந்த அளவு ஏறுமாறாகும்போது நம் மூச்சு மாறுகிறது.

இதைப் பற்றிப் பேசும் யாரும் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் வெடிகுண்டைத் தாண்டிப் போக முடியாது. 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் அவர் சொன்ன எடுத்துக்காட்டு அது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் நமக்கு மட்டும் தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடம் பதற்றம். பலரும் இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எடுத்துக்காட்டின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மேசையைச் சுற்றி நடக்கும் பேச்சு உப்புச்சப்பில்லாதது. இரண்டு நிலைகளிலும் அதே பேச்சுதான். முதல் நிலையில் அது நமக்குக் கொட்டாவி தருகிறது. இரண்டாம் நிலையில் ஒவ்வொரு சொல்லும் நம்மை வதைக்கிறது: எழுந்து போங்கள், பேசினது போதும் என்று உள்ளே கத்துகிறோம். இருவர் காபி குடிப்பதற்கு அந்தப் பதற்றத்தை ஏற்றியது முன்பே நம் கையில் கொடுக்கப்பட்ட ஒரு தகவல். வசனத்தையோ நடிப்பையோ தொடாமலே இது நடந்துவிடுகிறது. தகவலைப் பெற்ற நொடியிலிருந்து நாம் பார்வையாளராக மட்டும் இருப்பதில்லை. எச்சரிக்கை செய்ய வேண்டிய பொறுப்பும், செய்ய முடியாத கையாலாகாத்தனமும் ஒன்றாக நம் தலையில் விழுகின்றன.

இனி ஃபோர்சைத்திடம் வருவோம். அவர் நாவலைத் தொடங்குவதே உண்மை வரலாற்றில் நிகழ்ந்த ஒரு தோல்வியோடு. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் நகருக்கு வெளியே பெத்தி கிளமாரில் டி கோலின் காரை நோக்கி நூறுக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. அவரும் மனைவியும் கீறல்கூட இல்லாமல் தப்பினார்கள். சதிக்குத் தலைமை தாங்கிய விமானப்படை அதிகாரி பாஸ்தியேன் தீரி 1963 மார்ச்சில் மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததைத் துரோகமாகக் கருதிய ஓ.ஏ.எஸ். என்ற இரகசிய இராணுவ அமைப்பு முழுவதும் காவல்துறையின் ஒற்றர்களால் நிறைந்திருந்தது. ஆகவே கதையில் அதன் தலைவர்கள், எவர் கோப்பிலும் இல்லாத ஒரு வெளிநாட்டவனை அரை மில்லியன் டாலருக்கு அமர்த்துகிறார்கள். பாருங்கள், முதல் சில அத்தியாயங்களிலேயே யார், ஏன், எவ்வளவு பணத்துக்கு, யாரைக் கொல்லப்போகிறான் என்பதெல்லாம் நமக்கு வந்துவிட்டது. தோற்பான் என்பதும் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அதன் பிறகுதான் ஃபோர்சைத் பங்கீட்டைத் தொடங்குகிறார்.

கொலைகாரனின் கூலிக்குப் பணம் சேர்க்க ஓ.ஏ.எஸ். வங்கிகளைக் கொள்ளையடிக்கிறது. திடீரென்று இவர்களுக்கு ஏன் இவ்வளவு பணம் என்று அரசுக்கு ஐயம் வருகிறது. அமைப்புத் தலைவரின் மெய்க்காவலன் ஒருவனைத் தந்திரமாக வரவழைத்துச் சித்திரவதை செய்ததில் ஒரு புனைபெயர் மட்டும் வெளிவருகிறது. வழக்கு, குள்ளமான, சாதுவான, மனைவிக்குப் பயந்த லெபெல் என்ற துப்பறியும் அதிகாரியிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவருக்குத் தெரிவது கையளவு. நமக்குத் தெரிவது மலையளவு. ஒவ்வோர் இரவும் அமைச்சரின் அறையில் கூட்டம் கூடுகிறது. லெபெல் அன்று கண்டுபிடித்ததைச் சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியின் காதலி ஓ.ஏ.எஸ். அனுப்பிவைத்தவள் என்பது நமக்குத் தெரியும், லெபெலுக்குத் தெரியாது. ஆக, லெபெல் திறமையாக வேலை செய்யச் செய்ய, கொலைகாரனுக்கு எச்சரிக்கை போய்க்கொண்டே இருக்கிறது. கதைப்பின்னலின் மேதைமை இந்த ஒரு கண்ணியில்தான் இருக்கிறது என்பேன். வேட்டையாடுபவனின் வெற்றியே வேட்டைப்பொருளின் கவசமாக மாறுகிறது. கசிவு எங்கே என்று லெபெல் எப்போது மோப்பம் பிடிப்பார் என்பதற்காக நாம் பக்கங்களைப் புரட்டுகிறோம். டி கோல் பிழைப்பாரா என்ற கேள்வி அந்நேரம் நம் நினைவிலேயே இல்லை.

இன்னொன்றும் அங்கே நடக்கிறது. ஒழுக்கவாதிகளுக்குச் சங்கடமான ஒன்று. கொலைகாரன் கல்லறைகளில் தேடி, குழந்தையாக இறந்துபோன ஒருவனின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு கடவுச்சீட்டு வாங்குகிறான். பிரஸ்ஸல்ஸ் நகரத் துப்பாக்கித் தொழிலாளி ஒருவரிடம், ஊன்றுகோலுக்குள் பிரித்து ஒளிக்கத்தக்க துப்பாக்கி ஒன்றைச் செய்யச் சொல்கிறான். காட்டில் ஒரு முலாம்பழத்தைத் தொங்கவிட்டு, சுட்டுச் சுட்டு தொலைநோக்கியைத் திருத்திக்கொள்கிறான். ஃபோர்சைத் இதையெல்லாம் பொறுமையாக, ஒரு தச்சரின் வேலையை வர்ணிப்பதுபோல எழுதுகிறார். படிக்கும்போது நமக்குள் என்ன நிகழ்கிறது? துப்பாக்கி சரியாகப் பொருந்த வேண்டும், குறி சரியாக விழ வேண்டும் என்று விரும்புகிறோம். கொலை நடக்கக் கூடாது என்று நம் அறிவு சொல்கிறது. வேலை முடிய வேண்டும் என்று நம் கவனம் சொல்கிறது. கவனமாகச் செய்யப்படும் எந்த வேலையையும் கூட இருந்து பார்த்தவர்கள், அதன் நோக்கம் எதுவானாலும், அது கெட்டுப்போவதை விரும்புவதில்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் கொலையுண்டவளின் உடலோடு காரைச் சேற்றுக் குட்டையில் தள்ளும் காட்சியும் இதே வகைதான். பாதி மூழ்கிய கார் ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறது. அரங்கம் முழுவதும் அது மூழ்கிவிட வேண்டுமே என்று தவிக்கிறது. யாருக்காகத் தவிக்கிறோம் என்று யோசிப்பதற்குள் கார் மூழ்கிவிடும்.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. ஐயம் இல்லாத இடத்தில் பதற்றம் எப்படி? முடிவு தெரிந்த கதையில் பதறுவதும், பத்தாவது முறை பார்க்கும் படத்தில் அதே காட்சியில் கை வியர்ப்பதும் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவை அல்லவா? அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1989இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு ஒரு வழி காட்டுகின்றன. ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபரானார் என்பதுபோல எல்லாரும் அறிந்த உண்மைகளை எடுத்துக்கொண்டு, அவை நடக்காமலே போயிருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளறும் சிறு பகுதிகளை அவர் வாசகர்களுக்குக் கொடுத்தார். படித்த பின் அந்த உண்மை சரியா தவறா என்று கேட்டபோது, சரி என்று சொல்ல அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அறிவு அழியவில்லை, ஆனால் கதைக்குள் இருந்தபோது அது கைக்கு எட்டாத அலமாரிக்குப் போய்விட்டது. கதை நடக்கும் கணத்தில் நாம் அந்தக் கணத்தின் தகவல்களைக் கொண்டுதான் கணிக்கிறோம். வரலாற்றுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் அப்போது நமக்கு உதவுவதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதை நிரூபிக்க ஆய்வகம் தேவையில்லை, கல்கி போதும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்தது. அருள்மொழிவர்மன்தான் பின்னாளில் இராஜராஜ சோழன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் என்பது அதைப் படித்த எல்லாருக்கும் தெரியும். கோயில் கண்ணெதிரே நிற்கிறது. அப்படிப்பட்ட இளவரசனைக் கல்கி நடுக்கடலில் புயலில் தள்ளுகிறார். தீப்பிடித்த மரக்கலம், இருட்டு, அலைகள், வந்தியத்தேவனோடு கடலில் மிதப்பு. பெரிய கோயில் இருக்கிறதே, ஆகவே இவன் சாக மாட்டான் என்று அமைதியாகப் பக்கம் புரட்டிய வாசகர் அபூர்வம். அதைவிட நுட்பமானது அதன் பின்வருவது. பூங்குழலி படகோட்டி வந்து இருவரையும் காப்பாற்றிவிடுகிறாள், நமக்கு நிம்மதி. ஆனால் இளவரசர் கடலில் மூழ்கிவிட்டார் என்ற செய்தி சோழ நாடெங்கும் பரவுகிறது. அவர் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் காய்ச்சலோடு படுத்திருப்பது நமக்குத் தெரியும். தெருவில் அழும் மக்களுக்குத் தெரியாது. கடலில் இருந்த பதற்றத்தைக் கல்கி அப்படியே அரண்மனைக்கு இடம் மாற்றிவிட்டார். இளவரசரின் அண்ணன் ஆதித்த கரிகாலன் விஷயத்தில் கல்கி இன்னும் துணிச்சலானவர். கரிகாலன் கொல்லப்பட்டான் என்பது உடையார்குடிக் கல்வெட்டு சொல்லும் வரலாறு. கொல்லத் துடிக்கும் ரவிதாஸனின் கூட்டத்தை முதல் பாகத்திலேயே, திருப்புறம்பயம் பள்ளிப்படையருகே, ஆழ்வார்க்கடியானின் மறைவிடத்திலிருந்து நமக்குக் காட்டிவிடுகிறார். பல நூறு பக்கங்களுக்கு அந்த அறிவைச் சுமந்துகொண்டு, கொலை நடக்கப்போகும் கடம்பூர் மாளிகையை நோக்கி நாம் நடக்கிறோம். இதில் வியப்பான செய்தி, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்ன கல்கி, கொன்ற கை யாருடையது என்பதை மட்டும் கடைசிவரை தெளிவாகச் சொல்லாமலே விட்டதுதான். அதனால் நாவல் தோற்கவில்லை; திண்ணைகளில் அறுபது எழுபது ஆண்டுகளாக அதைப் பற்றிச் சண்டை நடக்கிறது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரியும். கொலையாளி யார் என்ற கேள்வியை மட்டுமே வைத்து நடக்கும் கதைகள் இல்லையா? அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952 நவம்பரில் லண்டனில் அரங்கேறியது. இரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களை இன்றும் கேட்டுக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். 'சைக்கோ' 1960இல் வெளியானபோது படம் தொடங்கிய பின் வருபவர்களை உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக்கே அரங்குகளுக்கு விதி போட்டார். முடிவு முக்கியமில்லை என்றால் ஏன் இத்தனை காவல்? மறுப்பு வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சைக்கோவை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் என் வாதம் வலுப்பெறவே செய்கிறது. கதாநாயகி என்று நாம் நம்பியவள் முதல் பாதியிலேயே கொல்லப்படுவது ஒரு மாபெரும் அதிர்ச்சி; அது ஒருமுறைதான் வேலை செய்யும். அந்த அதிர்ச்சியால் என்ன பயன்? அதன் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. துப்பறிவாளர் அந்த வீட்டுப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறும்போது அவருக்கு அது வெறும் படிக்கட்டு. நமக்கு அப்படியல்ல. இரண்டாம் பாதி முழுவதும் நாம் அனுபவிக்கும் பதற்றம், முதல் பாதியின் அதிர்ச்சி நமக்குக் கொடுத்துவிட்டுப் போன அறிவு. நல்ல திருப்பம் இப்படித்தான் தன்னைச் செலவழித்துத் தகவலாக மாறுகிறது. மட்டமான திருப்பம் கடைசி நிமிடத்தில் வந்து, எதற்கும் உதவாமல், விளக்கு எரியும்போது நம்மோடு வெளியே வருகிறது.

கிறிஸ்டி வகைக் கதைகளில் கிடைக்கும் இன்பம் வேறு வகை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே நாம் பதறுவதைவிட யோசிக்கிறோம். நடக்கப்போவதை அஞ்சுவதைவிட நடந்துபோனதைத் தோண்டுகிறோம். அதிலும் அவர் தடயங்களை நம் முன்னாலேயே பரப்பிவைத்தால்தான் ஆட்டம் நேர்மையாகும். 1926இல் அவர் எழுதிய 'ரோஜர் அக்ராய்ட்' நாவலின் முடிவைப் பற்றி எழுந்த பெரும் சர்ச்சையும், வாசகரிடம் வேண்டிய தகவல் கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதைப் பற்றியதுதான். மறைத்துவைப்பதையே தொழிலாகக் கொண்ட எழுத்தாளரும் கொடுத்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

முடிவு தெரிந்தால் சுவை கெடுமா என்பதை அளந்து பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே சொல்லிவிட்ட சிறுகதைகளை வாசகர்கள் சராசரியில் அதிகமாக ரசித்ததாகத் தெரிந்தது. துப்பறியும் கதைகளும் அதில் அடக்கம். என் வாதத்துக்கு இது நல்ல சாட்சி என்று தூக்கிப்பிடிக்க ஆசைதான். ஆனால் அவை சிறுகதைகள். ஒரே அமர்வில் படித்து மதிப்பெண் போடப்பட்டவை. பின்னால் நடந்த வேறு ஆய்வுகளில் முடிவைச் சொல்வது சுவையைக் குறைத்ததாகவும் வந்திருக்கிறது. ஆகவே இந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது சிறிதுதான்: முடிவு தெரிவதால் கதை செத்துப்போவதில்லை. என் வாதத்துக்கு அவ்வளவே போதும்.

இதைவிடக் கூர்மையான இன்னொரு மறுப்பு இருக்கிறது. முடிவு தெரிவது தடையில்லை என்றால், கதாநாயகன் ஜெயிப்பான் என்று நமக்குத் தெரிந்த எத்தனையோ படங்கள் ஏன் தூக்கம் வரவழைக்கின்றன? ஜேக்கலில் முடிவு தெரிந்தும் விழித்திருந்தவர், ஒரு பெரிய நட்சத்திரத்தின் சண்டைப் படத்தில் இடைவேளைக்கு முன்பே செல்பேசியை எடுக்கிறாரே? இதற்கான விடை என் வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ளச் சொல்கிறது, திருத்திக்கொள்கிறேன். சலிப்பு வருவது கடைசிப் படி தெரிவதால் அல்ல, அடுத்த படி தெரிவதால். அந்தப் படங்களில் பத்துப் பேர் சூழ்ந்தால் பத்துப் பேரும் பறப்பார்கள் என்பது அவர்கள் சூழும்போதே தெரியும். நாயகன் எடுக்கும் எந்த முடிவும் அவனுக்கு எதையும் இழக்கவைப்பதில்லை. ஜேக்கலில் ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை உண்டு. திட்டம் வெளிப்பட்டுவிட்டது என்று கொலைகாரனுக்கு இடையிலேயே தெரியவருகிறது, திரும்பிப் போகலாம், பணத்தில் பாதி முன்பே கையில் இருக்கிறது, போகாமல் முன்னேறுகிறான். அந்த முடிவால் அதுவரை பயன்படுத்திய பெயர், கடவுச்சீட்டு, கார் எல்லாவற்றையும் அவன் அடுத்தடுத்து இழக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வேடம் எது, அடுத்த ஊரில் யார் தங்க இடம் தருவார்கள், அவர்கள் கதி என்ன என்பது நமக்குத் தெரியாது. தூரத்து முடிவைப் பற்றிய உறுதியும் அருகிலுள்ள அடியைப் பற்றிய ஐயமும் சேர்ந்தே இருக்க முடியும். சொல்லப்போனால் முன்னது இருந்தால் பின்னது கூர்மையாகிறது. தோற்கப்போகிறவன் இவ்வளவு தூரம் வந்துவிட்டானே, இனி எந்த இடத்தில் தோற்பான் என்பதே தனிக் கேள்வியாகிவிடுகிறது.

இந்த நாவலில் உண்மையிலேயே மறைக்கப்பட்ட செய்தி ஒன்று உண்டு: அந்தக் கொலைகாரன் யார்? அவன் இயற்பெயரைக் கடைசிப் பக்கம்வரை ஃபோர்சைத் சொல்வதில்லை. இவன்தான் என்று பிரிட்டிஷ் காவல்துறை நினைத்த ஆள் வேறொருவன் என்று முடிவில் தெரிகிறது. மூட்டைக் கொள்கைப்படி வாசகர்கள் கொதித்திருக்க வேண்டும். யாரும் கொதிக்கவில்லை. ஏனெனில் நாம் அவனோடு கழித்த நானூறு பக்கங்களில் அவன் பெயர் நமக்கு ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை.

இரகசியத்தைக் காத்து நின்ற ஒரு கதையை எடுத்துக்கொண்டு அதை நடுவிலேயே உடைத்தால் என்ன ஆகும்? ஹிட்ச்காக் அந்தச் சோதனையையும் செய்திருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் இணையான புவாலோ, நார்ஸெஜாக் 1954இல் எழுதிய நாவலில், இறந்துபோன பெண்ணும் பின்னால் வரும் பெண்ணும் ஒருத்திதான் என்பது கடைசியில்தான் தெரியும். 1958இல் 'வெர்டிகோ' ஆக அதை எடுத்தபோது, படம் மூன்றில் இரண்டு பங்கு போன இடத்தில் ஹிட்ச்காக் அதை நமக்குச் சொல்லிவிட்டார், நாயகனுக்குச் சொல்லவில்லை. அப்படிச் செய்யலாமா என்று அவருடைய குழுவுக்குள்ளேயே இழுபறி இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் கடைசிப் பகுதி, ஒருவன் ஒரு பெண்ணுக்கு உடையும் முடியின் நிறமும் மாற்றச் சொல்லி அடம்பிடிக்கும் விசித்திரக் கதை; இறுதியில் ஓர் ஆச்சரியம். சொல்லிவிட்டதால் அந்தப் பெண்ணின் ஒவ்வொரு இணக்கமும் நமக்கு வலிக்கிறது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் உருவத்துக்கே அவள் காதலுக்காகத் திரும்பிப் போகிறாள் என்பதை அறிந்து நாம் மட்டும் பார்க்கிறோம். ஆச்சரியத்தை விற்று இரண்டு மனிதர்களின் துயரத்தை அவர் வாங்கினார். நல்ல வியாபாரம்.

நம் இலக்கியச் சூழலில் இதற்கெல்லாம் ஒரு பழைய பதில் உண்டு: இதெல்லாம் வாசகரை ஏமாற்றும் வித்தை, கதைப்பின்னலை நம்புகிறவனிடம் இலக்கியம் இல்லை. மாத நாவல்களை ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுவந்த தலைமுறை, அவற்றை வாசித்ததையே சற்றுக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்ளும். அந்த நாவல்களில் பாதிக்கு மேல் மறக்கத்தக்கவை என்பதில் எனக்கும் வழக்கில்லை. ஆனாலும் சுஜாதாவின் 'நைலான் கயிறு' முதல் ராஜேஷ்குமாரின் இரட்டைத் தடக் கதைகள்வரை, வாசகருக்கு எதை எப்போது கொடுப்பது என்ற கணக்கை இந்த மரபு கூர்ந்து பழகியிருக்கிறது. இரண்டு தொடர்பில்லாத கதைகள் மாறி மாறி ஓடும்போது, இவை சந்திக்கும் என்று வாசகருக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வேறுபாடு நூறு பக்கத்தை இழுத்துச் செல்லும். இலக்கியம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இடத்துக்கே போவோம். 1866இல் தொடராக வெளிவந்த தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் கோடரியை வீசியவன் யார் என்பதை நாம் கண்ணெதிரே பார்த்துவிடுகிறோம். அதன் பிறகு விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவனோடு சிரித்துப் பேசும் அறைகளில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்: இவருக்கு எவ்வளவு தெரியும்? ஹிட்ச்காக்கின் மேசையும் அந்த அறையும் ஒரே கட்டுமானம். கொலைகாரனின் இரகசியத்தை அவனோடு சேர்ந்து சுமக்கவைத்ததால்தான் அவன் மனச்சாட்சி நம்முடையதாகிறது. இந்தப் பின்னலை எடுத்துவிட்டால் அந்த நாவலின் அறச்சிக்கலும் கூடவே போய்விடும்.

ஏமாற்று என்ற குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை ஹிட்ச்காக்கே அனுபவித்துத் தெரிந்துகொண்டார். கான்ராட்டின் நாவலைத் தழுவி 1936இல் அவர் எடுத்த 'சபோட்டாஜ்' படத்தில் ஒரு சிறுவன் பொட்டலம் ஒன்றைச் சுமந்து லண்டன் தெருக்களில் போகிறான். அதற்குள் குண்டு இருப்பது அவனுக்குத் தெரியாது. வேடிக்கை பார்த்து நிற்கிறான், பேருந்தில் ஏறுகிறான், மணி நெருங்குகிறது. குண்டு வெடித்து அவனும் பேருந்தில் இருந்தவர்களும் இறக்கிறார்கள். அது தம் பெரும் தவறு என்று ஹிட்ச்காக் பிற்காலத்தில் சொன்னார்; பார்வையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவருடைய தன்விமர்சனத்தை நான் முழுதும் ஏற்கவில்லை. குண்டைக் கொடுத்தனுப்பியவனைப் பிறகு குத்தும் அவன் மனைவியின் கத்திக்கு அந்தச் சாவுதான் நியாயம் தருகிறது. ஆனால் கோபம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. நம்மிடம் ஒரு தகவலைக் கொடுத்து, எதுவும் செய்ய முடியாமல் உட்காரவைத்தவர், அந்தச் சுமைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிறார். அறியாமல் வரும் சாவை மன்னிக்கிற பார்வையாளர், தாம் அறிந்திருந்தும் நிகழ்ந்த சாவை எளிதில் மன்னிப்பதில்லை.

இந்த வாதத்தை நம் காலத்துப் படம் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். ஜீத்து ஜோசஃப் 2013இல் மலையாளத்தில் எடுத்த 'த்ரிஷ்யம்', 2015இல் அவரே தமிழில் எடுத்த 'பாபநாசம்'. பார்க்காதவர்கள் இந்த அவையில் இருந்தால் இப்போது காதைப் பொத்திக்கொள்ளலாம்; இவ்வளவு நேரம் நான் பேசியதைக் கேட்ட பிறகும் பொத்தத் தோன்றினால். கேபிள் தொழில் செய்யும் ஒரு குடும்பத்தலைவர், அவர் மகளை மிரட்டிய இளைஞன், வீட்டுப் பெண்கள் கையால் நிகழ்ந்த சாவு; எல்லாம் நம் கண்முன் நடக்கிறது. அதன் பிறகு படம், நான்கு பேர் சொல்லும் ஒரு பொய் நிற்குமா என்பது மட்டும்தான். காவலர்கள் அவர்களைப் பிரித்துவைத்துக் கேள்வி கேட்கும்போது, அந்தச் சிறிய மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். உடல் எங்கே என்ற ஒன்றை மட்டும் இயக்குநர் கடைசிக் காட்சிவரை தம்மிடமே வைத்துக்கொண்டு, புதிதாகக் கட்டிய காவல் நிலையத்தின் தரைக்கு அடியில் காட்டுகிறார். அந்தத் தரையின் மேல் அதிகாரிகள் நடக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாது. திருப்பம் நமக்கு அளித்தது ஓர் அதிர்ச்சியும், கூடவே அவர்களைவிட ஒரு படி கூடுதலான அறிவும். அந்த அறிவைப் பார்வையாளர்கள் ஏழு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 2021இல் வந்த 'த்ரிஷ்யம் 2' முதல் காட்சியிலேயே அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது: உடலைப் புதைத்த அந்த இரவில், வேறொரு குற்றத்திலிருந்து தப்பி ஓடும் ஒருவன் ஓரிடத்தில் பதுங்குகிறான், அரைகுறையாக நிற்கும் காவல் நிலையக் கட்டடத்திலிருந்து நாயகன் வெளியே வருவதை அவன் பார்த்துவிடுகிறான். தான் பார்த்ததன் பொருள் அவனுக்குத் தெரியாது. நாயகனுக்கோ, தன்னை ஒருவன் பார்த்தது தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் பார்வையாளர்களாகிய நாம்தான். இரண்டரை மணி நேரப் படம் அங்கிருந்து புறப்படுகிறது.